நுரைக்காத தண்ணீர்

கிணற்றில் விஷம் கலந்தான் என்று போலீஸ் பிடித்து வைத்திருக்கும் கலியனுக்குக் கிணறு என்றாலே பயம். ஏழு வயதில் ஒரு தடவை உள்ளே விழுந்து, அரை நாள் கயிற்றைப் பிடித்துத் தொங்கியவன். அதிலிருந்து முப்பது வருடமாக எந்தக் கிணற்றையும் பத்தடி தள்ளித்தான் கடப்பான்.

"ஆனா பூச்சி மருந்து பாட்டில் கிணத்துக்குள்ள மூணாவது படியில கெடச்சுதுன்றாங்கம்மா," என்று மூக்கைச் சிந்தினாள் அவன் மனைவி தையல்நாயகி. "எட்டிப் பாக்கவே மாட்டாரு. அவரு உள்ள எறங்கியா வெச்சாரு?"

2004ஆம் வருடம், ஆடி மாதத்துப் புதன்கிழமை. காலை எட்டு மணி. சின்ன காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் லோகேஷ் அப்போதுதான் டீயை வாயில் வைத்திருந்தான். எதிர் நாற்காலியில் அவன் முதலாளி பெருந்தேவி. வயது ஐம்பது. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவர். எரிந்து சாம்பலானதாகச் சொல்லப்பட்ட ஒரு ஜவுளிக்கடைச் சரக்கை, கடைக்காரரின் சம்பந்தி வீட்டுப் பரணிலிருந்து மடிப்புக் கலையாமல் இறக்கியவர். வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்துக்கொண்டார். லோகேஷ் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். தறியில் உட்கார்ந்தால் முதுகு வலித்தது, ஆட்டோ ஓட்டினால் சவாரிகளிடம் வாய் நீண்டது. வாய் நீளம் ஒரு தகுதியாக மதிக்கப்பட்ட ஒரே இடம் இதுதான்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றார் பெருந்தேவி.

தையல்நாயகி சொன்னாள். தென்னேரிக்கு அந்தப் பக்கம் புதுமேடு என்று சின்ன ஊர். பக்கத்து நிலத்துக்காரி கங்கையம்மாள். அவளுக்கும் கலியனுக்கும் வரப்புத் தகராறு. திங்கட்கிழமை வாய்ச்சண்டை முற்றி, "ஒன் கிணத்துல மண்ணு வுழ" என்று கலியன் ஊரறியக் கத்தியிருக்கிறான். மறுநாள் செவ்வாய் மத்தியானம் கங்கையம்மாள் வீட்டில் தண்ணீர் குடித்தவர்கள் சாயங்காலம் சுருண்டு விழுந்தார்கள். அவளுடைய பதினாலு வயது மகள் காவேரிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பசுவும் கன்றும் செத்துவிட்டன. இருட்டுவதற்குள் கிணற்றுப் படியில் பாட்டில் அகப்பட்டது. கலியனும் அகப்பட்டான்.

"கத்தினதால மாட்டினாரு," என்றான் லோகேஷ். "இந்தக் கணக்குல பாத்தா எங்க தெருவுல ஒருத்தரும் வெளியே இருக்க முடியாது."

பெருந்தேவி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "முதல்ல பொண்ணைப் பார்ப்போம்."

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாமுவேல் ராத்திரி முழுக்கத் தூங்காத கண்களோடு நின்றிருந்தார்.

"பூச்சி மருந்துன்னு போலீஸ் சொல்றாங்க. அதுக்கான ஊசியைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். ஆனா எனக்கு மனசு ஒப்பல, மேடம். பூச்சி மருந்துன்னா கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கணும், வாயில எச்சில் ஊத்தணும். இந்தப் பொண்ணுக்கு ரெண்டும் இல்ல. நேத்து கொண்டு வரும்போது குடிச்சவ மாதிரி தள்ளாடினா, உளறினா. இப்ப மூச்சு வேகமாகிட்டே போகுது. சிறுநீர் குறையுது. கிட்னி கைவிட்டுக்கிட்டு இருக்கு."

"மாத்து மருந்து?"

"எந்த விஷம்னு பேர் தெரிஞ்சா குடுப்பேன். தெரியாம எதையாவது குடுத்தா நானே கொன்ன மாதிரி." கடிகாரத்தைப் பார்த்தார். "சாயந்தரம் வரைக்கும் தாங்குவாள்னு உறுதி சொல்ல மாட்டேன்."

லோகேஷுக்கு வாயில் வந்த ஜோக் அப்படியே உள்ளே போய்விட்டது.

காவேரி கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் கங்கையம்மாள், மகளின் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி. நாற்பது வயது இருக்கும். ஆடிச் செவ்வாய் விரதம் என்பதால் நேற்று முழுக்க அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம், அதனால் தப்பினாள்.

"பொண்ணு என்ன குடிச்சா?" என்று கேட்டார் பெருந்தேவி.

"கிணத்துத் தண்ணிதான்," என்றாள் அவள், கண்ணைத் தூக்காமல்.

அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கங்கையம்மாள் நிலத்தில் களையெடுக்கப் போன சம்பூர்ணம். வாந்தியெடுத்துத் தேறியிருந்தாள். "தண்ணி தித்திப்பா இருந்துச்சும்மா. வெல்லம் கரைச்சாப்ல. காவேரிதான் உள்ளேர்ந்து சொம்புல கொண்டாந்து குடுத்துச்சு. நான் அர டம்ளர் குடிச்சேன். நல்லாக்குதுன்னு அது ரெண்டு சொம்பு குடிச்சுது."

"மயக்கத்துல ஒளறுது," என்றாள் கங்கையம்மாள் சட்டென்று.

பெருந்தேவி கட்டில் கம்பியில் தொங்கிய பெண்ணின் பாவாடையைத் தடவிப் பார்த்தார். துவைத்த பாவாடைதான். ஆனால் மடிப்புகளில் சோப்பு வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கட்டி ஒட்டியிருந்தது.

கங்கையம்மாள் எழுந்தாள். "நான் ஊட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். மாட்டைப் பொதைக்கணும்." கொழுந்தனார் பெண்சாதியை மகளருகே உட்கார வைத்துவிட்டு வேகமாகப் படியிறங்கினாள்.

"மயக்கத்துல கிடக்கற பொண்ணை விட்டுட்டு, செத்த மாட்டைப் புதைக்க அம்மாவே போகணுமா?" என்றார் பெருந்தேவி மெதுவாக. "லோகேஷ், சோப்பு எப்போ கரையாது?"

"எங்க மாமாவைக் கேக்கணும், மேடம். ஒரு மாசமா அவரு இதையேதான் பொலம்பினு இருக்காரு."

பெருந்தேவி திரும்பிப் பார்த்தார். "உங்க மாமா துணி துவைக்கறவரா?"

"சாயம் போடறவரு. பட்டு நூலுக்கு."

"வண்டியில ஏறு."

*

பெருந்தேவியின் கைனடிக் ஹோண்டாவில் பின்னால் உட்கார்ந்து போவது லோகேஷுக்குத் தினப்படி கண்டம். பெரிய காஞ்சிபுரம் பஸ் நெரிசலுக்குள் அவர் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் புகுந்து வெளியே வந்தார். பிள்ளையார்பாளையத்து சந்தில் இறங்கியபோது அவன் தன் கைகால்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டான்.

மாமா பஞ்சாட்சரம் கொல்லையில் அண்டா முன்னால் நின்றிருந்தார். முழங்கை வரை அரக்குச் சிவப்பு.

"வாடா மாப்ள. இன்னா, மாமன் ஞாபகம் வந்துக்கினு இருக்குது?"

"சோப்பு ஞாபகம்தான் வந்துச்சு மாமா. மேடத்துக்குச் சொல்லு."

அவ்வளவுதான், மடை திறந்தது. பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேக வைத்துப் பசை எடுத்தால்தான் சாயம் ஏறும். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரித் தண்ணீர் வந்தது. சோப்பைப் போட்டால் நுரைக்கவே இல்லை. தயிர் திரிந்த மாதிரி மேலே மிதந்தது. சோப்புக் கம்பெனியைத் திட்டினார், நூல் வியாபாரியைத் திட்டினார், ஒன்றும் அகப்படாமல் பெண்டாட்டியைத் திட்டினார். கடைசியில் சாயமேற்றி முறுக்கிக் கட்டிய ஒரு நூல் கழியைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கம்மா. முகூர்த்தப் பொடவைக்கு மாம்பழ மஞ்சள் கேட்டாங்க. சாம்பல் பூசினாப்ல வந்துக்குது."

கழியின் முனையில் கட்டியிருந்த தேதி அட்டையைப் பெருந்தேவி படித்தார். ஆனி 22.

"தண்ணி எங்கேர்ந்து வந்தது?"

"தென்னேரிப் பக்கம் புதுமேடு. கங்கையம்மா கிணறு. இந்த ஏரியாவுலயே அப்படித் தண்ணி கெடையாது. பட்டு அப்படியே மின்னும். பின்னாடி கேஸ் கம்பெனிக்காரன் டவர் நட்டானாம், அதுலேர்ந்துதான் இப்படின்னு லாரிக்காரன் சொல்றான்."

லாரிக்காரனோடு சண்டை போடுவதற்கென்று அவர் ஒரு குடம் தண்ணீரை மூடி வைத்திருந்தார். லோகேஷ் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான், உடனே துப்பினான். "கருவாட்டுப் பானை கழுவினாப்ல இருக்குது!"

"கலியன் சண்டை போட்டது இந்தத் திங்கக்கிழமை," என்றார் பெருந்தேவி. "கிணறு கெட்டது ஒரு மாசம் முன்னாடி."

"அப்போ முடிஞ்சுது மேடம்! நூல் கழி சாட்சி. கலியன் வெளியே!"

"அந்தப் பாவாடைக்கும் கலியனுக்கும் இது பதில். டாக்டருக்கு இது போறாது." அவர் நூல் கழியைப் பைக்குள் வைத்தார். "உப்புத் தண்ணி குடிச்சா வாந்தி வரும். ஒரே சாயந்தரத்துல கிட்னி போகாது. அதோட, சம்பூர்ணம் என்ன சொன்னா?"

லோகேஷ் யோசித்தான். "தித்திப்பு."

"கிணறு உப்பு. குடிச்சது தித்திப்பு."

"அப்போ... குடிச்சது கிணத்துத் தண்ணியே இல்லியா?"

"அதைத்தான் கங்கையம்மா நம்மகிட்ட மறைக்கறா."

*

வாலாஜாபாத் ரோட்டில் காற்று காதைக் கிழித்தது. அதற்கு மேலே பெருந்தேவி சத்தம் போட்டுப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல பாறை இருக்கு. அதுக்குள்ள கேஸ் அடைஞ்சு கிடக்கும். தண்ணி, மணல், மருந்து எல்லாத்தையும் கலந்து பயங்கர அழுத்தத்துல உள்ளே விட்டா பாறை விரிசல் விடும். கேஸ் வெளியே வரும்."

"உள்ள போன தண்ணி?"

"பாதி திரும்பி மேல வரும். பாறைக்குள்ள இருந்த உப்பையும், இவா கலந்த மருந்தையும் சேர்த்துண்டு."

"பூமி வாந்தி எடுக்கற மாதிரி."

"அந்த வாந்தியைக் குழி வெட்டித் தேக்கி வெப்பா. குழி ஒழுகினா பக்கத்துக் கிணறு போச்சு."

புதுமேட்டில் அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. பனைகளுக்கு மேலே இரும்புக் கோபுரம் நின்றது. வேலியில் 'மெரிடியா எனர்ஜி' என்று பலகை. வேலிக்குள் கறுப்பு பிளாஸ்டிக் விரித்த பெரிய குழி, ஓரத்தில் கிழிந்து காற்றில் படபடத்தது. மண்ணெண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்த ஒரு வாடை. லோகேஷுக்கு ஐந்து நிமிஷத்தில் நெற்றிப்பொட்டு வலித்தது. எதிரே ஆடு மேய்த்த பெண் காலில் முழங்கால் வரை கொப்புளம். "ஒரு மாசமா இப்படித்தாம்பா. குளிச்சா எரியுது," என்றாள்.

கங்கையம்மாளின் கிணற்றில் லோகேஷ் வாளி விட்டு எடுத்து நாக்கில் வைத்தான். மாமா வீட்டுக் குடத்தில் இருந்த அதே உப்பு, இன்னும் ஒரு பிடி அதிகமாக.

கங்கையம்மாள் வாசலுக்கு வந்தாள். இவர்களைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"மாட்டைப் புதைச்சாச்சா?" என்றார் பெருந்தேவி.

"ஆச்சும்மா."

"வேற மாடு இருக்கா?"

"ஏதும்மா. இருந்ததே அந்த ரெண்டுதான்."

பெருந்தேவி வீட்டுப் பக்கவாட்டைக் காட்டினார். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வைக்கோல் போர். "அப்போ இந்தப் போரை யாருக்காகப் பிரிச்சே? வெயில்பட்ட பழைய வைக்கோல்னா மேல வெளுத்து, உள்ள மஞ்சளா இருக்கும். இங்கே மஞ்சள் மேல இருக்கு, வெளுத்ததெல்லாம் உள்ள போயிருக்கு. மாடு செத்த அன்னிக்கு எதுக்குப் போரைப் பிரிச்சு மறுபடி போட்டே?"

லோகேஷ் காத்திருக்கவில்லை. வைக்கோலைக் கை கையாக இழுத்தான். நாலாவது இழுப்பில் நீல நிறம் தெரிந்தது. இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் பேரல்.

கங்கையம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிணறு உப்பாயிடுச்சுன்னு நானும் போயி கம்பெனியில சண்டை போட்டேம்மா. மேனேஜர் வாசுதேவ்னு ஒருத்தரு. வெளியே சொல்லாத, தெனம் லாரித் தண்ணி தரேன்னு ஒரு காயிதத்துல கையெழுத்து வாங்கினாரு. தண்ணி புடிக்க அவங்க ஷெட்டுலேர்ந்து இந்தப் பேரலைக் குடுத்தாரு. அடியில கொஞ்சம் தண்ணி மாதிரி நின்னுது. மேலாக்க இருந்ததை மாட்டுத் தொட்டியில கவுத்துட்டு, அலசாம அது மேலயே நாலு கொடம் லாரித் தண்ணி புடிச்சேன். காவேரி குடிச்சுட்டு, 'அம்மா, புதுத் தண்ணி தித்திப்பா இருக்குது'ன்னா. எனக்கு சந்தோஷமா இருந்துச்சும்மா. ஒரு மாசமா உப்புத் தண்ணி குடிச்சுக்கினு இருந்த புள்ள."

பெருந்தேவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அப்புறம்?"

"புள்ள வுழுந்ததும் அவருகிட்டதான் ஓடினேன். பேரலைப் பத்தி வாயைத் தொறந்தா, பெத்த புள்ளைக்கு வெஷம் குடுத்தவள்னு என்னைத்தான் புடிப்பாங்கன்னாரு. நாளைக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு ஜீப்புல வந்து எடுத்துக்கினு போயிடறேன், அதுவரைக்கும் மறைச்சு வையின்னாரு."

லோகேஷ் பேரலைப் புரட்டினான். லேபிள் இருந்தது. 'மெரிடியா எனர்ஜி. டபிள்யூ எஸ் 9. சேர்மானம்: வியாபார ரகசியம்.' அவ்வளவுதான்.

டாக்டரைக் கூப்பிட அவன் செல்லில் சிக்னல் இல்லை. மேடு தேடி வைக்கோல் போர் மேலேயே ஏறினான். உச்சியில் ஒற்றைக் கோடு வந்தது.

"டபிள்யூ எஸ் ஒன்பதை வெச்சு நான் என்ன பண்றது?" என்றார் சாமுவேல். "பேர் வேணும், லோகேஷ். பேர்!"

பலகையில் இருந்த சென்னை நம்பருக்குப் போட்டான். தேன் குரலில் ஒரு பெண், ஃபார்முலா ரகசியம் என்றும், டாக்டர் எழுத்து மூலம் கேட்டால் பதினைந்து வேலை நாட்களில் பதில் வரும் என்றும் சொன்னாள்.

"பதினஞ்சு நாளா? பதினாறாம் நாள் காரியத்துக்குத்தாம்மா வந்து சேரும்!" என்று கத்திவிட்டு வைத்தான். அது ஜோக்காக வெளியே வரவில்லை.

மணி பன்னிரண்டு. பனைகளுக்கு அப்பால் ஜீப் ஹாரன் கேட்டது.

*

"பேரலை மூடு," என்றார் பெருந்தேவி. "நீ மேலயே இரு. டாக்டரைக் கூப்பிட்டு லைன்லயே வெச்சுக்கோ. என்ன ஆனாலும் கட் பண்ணாதே." பிறகு கங்கையம்மாளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் மிரண்டு பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய வாசுதேவுக்கு நாற்பது வயது. கறுப்புக் கண்ணாடி, வியர்வையில் ஒட்டிய சட்டை.

"நீங்க யாரு?"

"இன்ஷூரன்ஸ். மாடு செத்ததுக்குப் பார்க்க வந்திருக்கேன்," என்றார் பெருந்தேவி. இருபத்திரண்டு வருட அனுபவம் குரலில் அலுப்பாக ஒலித்தது.

"மேல யாரு?"

"வைக்கோல் போடற ஆள்."

நெசவாளர் பரம்பரையின் இந்தப் பதவி உயர்வை லோகேஷ் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டான். காதில் டாக்டர், "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

"என்ன வெயில் சார்," என்றார் பெருந்தேவி. "கங்கையம்மா, சாருக்குத் தண்ணி குடும்மா."

கங்கையம்மாள் சொம்போடு வந்தாள். வாசுதேவ் அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். முக்கால் சொம்பு போனபிறகுதான் நிறுத்தி, உதட்டை நக்கினார்.

"என்ன, இனிப்பா இருக்கு?"

"ஆமாம் சார். காவேரியும் அதையேதான் சொன்னாளாம்," என்றார் பெருந்தேவி. "நீலப் பேரல்ல அடியில கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாப் போவானேன்னு அதைத்தான் கொண்டு வரச் சொன்னேன்."

சொம்பு தரையில் விழுந்து உருண்டது. கறுப்புக் கண்ணாடியும் அதன் பின்னாலேயே விழுந்தது. வாசுதேவ் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு இருமினார்.

மேலே லோகேஷுக்கு ரத்தம் உறைந்தது. மேடம் ஒரு மனுஷனுக்கு விஷம் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன் இல்லைதான். ஆனாலும்!

"ஐயோ! அது எத்திலீன் கிளைக்கால்!" என்று அலறினார் வாசுதேவ். "கிட்னி போயிடும்! என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

"எதுவா இருந்தா என்ன சார், வியாபார ரகசியம்தானே?"

"சார், டாக்டர் லைன்ல இருக்காரு!" என்று கத்தினான் லோகேஷ். "மேல ஏறி வாங்க, நீங்களே சொல்லுங்க!"

ஷூ வழுக்க, வைக்கோலைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து ஏறினார் மெரிடியா எனர்ஜியின் மேனேஜர். போனைப் பிடுங்கிக்கொண்டார். "டாக்டர்! டபிள்யூ எஸ் 9! முக்கால்வாசி எத்திலீன் கிளைக்கால். குழாய்ல படிவு சேராம இருக்க விடறது. மிச்சம் மெத்தனால். ஆமா, எத்திலீன் கிளைக்கால்! ஒரு சொம்பு குடிச்சுட்டேன்! மாத்து மருந்து என்ன, சொல்லுங்க!"

போனிலிருந்து வந்த பதில் லோகேஷுக்கும் கேட்டது. "ஆல்கஹால்! சுத்தமான ஆல்கஹால் கையில இருக்கு, இப்பவே ஏத்தறேன். டயாலிசிஸுக்கு மெட்ராஸுக்கு ஆம்புலன்ஸ் சொல்றேன்." லைன் கட்டாயிற்று.

"அந்தப் பொண்ணு கெடக்கட்டும், எனக்கு?" என்றார் வாசுதேவ், செத்த போனைப் பார்த்து.

பெருந்தேவி கீழே குனிந்து சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். கம்பெனி லாரித் தண்ணி, குடத்துல பிடிச்சது. மூணு கரண்டி ரேஷன் சர்க்கரை."

லோகேஷுக்கு உயிர் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே வாயும் வந்தது. "சுகர் இருந்தா மட்டும் டாக்டரைப் பாருங்க சார்."

"இது... இப்படி வாங்கின வார்த்தை கோர்ட்டுல செல்லாது!"

"கோர்ட்டுல செல்லாமப் போகட்டும்," என்றார் பெருந்தேவி. "ஆஸ்பத்திரியில செல்லியாச்சு."

வாசுதேவ் சரிந்து இறங்கி ஜீப்பை நோக்கி நடந்தார். ஆனால் ஜீப்புக்கு முன்னால் கங்கையம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"பூச்சி மருந்து பாட்டிலை நீதான்யா கிணத்துப் படியில எறங்கி வெச்ச," என்றாள். "நேத்து சாயந்தரம் நீ ஆஸ்பத்திரிக்குப் போன்னு என்னைத் தொரத்தினியே, பாதி வழியில புள்ள துணியை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். பார்த்தேன். கலியனைப் புடிச்சுக்கினு போனப்பவும் வாயைத் தொறக்கல." பெருந்தேவியிடம் திரும்பினாள். "ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேம்மா. என்னையும் புடிச்சு வெச்சாலும் சரி."

அதற்குள் ஆடு மேய்த்தவளும் இன்னும் பத்துப் பேரும் ஜீப்பைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். யாரும் கை நீட்டவில்லை. வழியும் விடவில்லை.

*

கலியனை அன்று சாயங்காலமே விட்டார்கள். வாலாஜாபாத்தில் பூச்சி மருந்து விற்ற கடைக்காரர் ஜீப்பையும் அதில் வந்தவரையும் சரியாக அடையாளம் காட்டினார். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் ஊரில் ஒன்பது கிணறுகளைச் சோதித்தார்கள், ஐந்தில் உப்பு. விசாரணை முடியும் வரை கோபுரத்தில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. கம்பெனி தன் பங்குக்கு, மக்கள் நலனே தங்கள் உயிர்மூச்சு என்று பேப்பரில் அரைப் பக்கம் விளம்பரம் கொடுத்தது. கங்கையம்மாளைப் போலீஸ் இரண்டு நாள் அலைய வைத்துவிட்டு, சாட்சியாக எழுதிக்கொண்டது. தையல்நாயகி அவளோடு பேசவில்லை. ஆனால் கங்கையம்மாள் ஸ்டேஷனுக்கு அலைந்த இரண்டு நாளும் அவள் வீட்டுக் கோழிகளுக்குத் தையல்நாயகிதான் தீனி வைத்தாள் என்று சம்பூர்ணம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பெருந்தேவியும் லோகேஷும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காவேரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கிட்னி முழுக்கத் திரும்ப மாதக் கணக்காகும், திரும்பும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"நீங்கதான் வைக்கோல் போர் மேல ஏறினவரா?" என்று கேட்டாள் லோகேஷிடம்.

"ஏறினது ஈசி. எறங்கினப்பதான் பேன்ட் கிழிஞ்சுது."

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாக மாறியது. "அம்மா, தண்ணி."

கங்கையம்மாள் கூஜாவைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். மகளிடம் நீட்டவில்லை. தன் வாயில் ஒரு மடக்கு விட்டு, விழுங்காமல் வைத்திருந்தாள். நாக்கால் புரட்டிப் பார்த்தாள். உப்பில்லை. தித்திப்புமில்லை. விழுங்கினாள். இன்னும் ஒரு மடக்கு எடுத்தாள்.

"குடும்மா," என்றாள் காவேரி. "தாகமா இருக்குது."

"இரு," என்றாள் கங்கையம்மாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் அந்த டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறையில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மகளின் தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் வைத்தாள்.